மாட்டுக்கு அம்மை... யார் முதலில் சொல்வது?



இன்று காலை பால் குடித்தீர்களா? காபியோ, டீயோ குடித்திருந்தாலும் அதில் பால் இருந்திருக்குமே! அந்தப் பால் எங்கிருந்து வந்தது? "பாக்கெட்டிலிருந்து" என்று சொல்லும் குறும்புக்காரர்கள் உங்களில் இருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் வருவதற்கு முன்னால் அது ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு வீட்டுத் தொழுவத்தில், விடியற்காலையில் எழுந்த ஒருவர் கறந்த பால்.

2019-ஆம் ஆண்டு எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கும் மேல் மாடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 95 லட்சம். எருமைகள் தனிக் கணக்கு. இத்தனை மாடுகளும் பெரிய பெரிய பண்ணைகளில் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை ஒரு மாடு, இரண்டு மாடு, மிஞ்சிப்போனால் நான்கைந்து மாடு வைத்திருக்கும் சின்னச் சின்னக் குடும்பங்களில்தான் வளர்கின்றன. உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. அந்தப் பெருமை இந்தச் சின்னத் தொழுவங்களால் வந்தது.

பழைய தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே 'செல்வம்' என்று ஒரு பொருள் உண்டு. அந்தச் செல்வத்துக்கு ஒரு புதிய நோய் வந்திருக்கிறது. அதைப் பற்றியும், அது நமக்கு முன்னால் வைத்திருக்கும் ஒரு கடினமான கேள்வியைப் பற்றியும் இந்த வாரம் பேசலாம்.

எங்கிருந்து வந்தது?

நோயின் பெயர் 'தோல் கழலை நோய்'. செய்தித்தாள்களில் 'லம்பி ஸ்கின்' என்றும் படித்திருப்பீர்கள். கிராமங்களில் சுருக்கமாக 'மாட்டுக்கு அம்மை' என்பார்கள். அப்படிச் சொல்வதில் தவறில்லை. இதை உண்டாக்கும் வைரஸ் அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆட்டம்மையை உண்டாக்கும் வைரஸுக்கு இது மிக நெருங்கிய சொந்தம்.

1929-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில், இன்று ஜாம்பியா என்று அழைக்கப்படும் நாட்டில்தான் இந்த நோயை முதன்முதலில் பார்த்து எழுதி வைத்தார்கள். மாடு ஏதோ விஷச் செடியைத் தின்றுவிட்டது, அல்லது ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1940-களில் பக்கத்து நாடுகளுக்கும் பரவிய பிறகுதான் இது தொற்றுநோய் என்று தெரிந்தது.

பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவிலேயே சுற்றிக்கொண்டிருந்த நோய், 1989-இல் இஸ்ரேலிலும், 2013-இல் துருக்கியிலும், 2015-இல் கிரீஸ் நாட்டிலும் தலைகாட்டியது. 2019-இல் வங்கதேசம், சீனா, இந்தியா என மூன்று நாடுகளிலும் தெரிந்தது. இந்தியாவில் முதலில் கண்டது ஒடிசாவில். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது.

நோய் வந்த மாட்டுக்கு முதலில் கடுமையான காய்ச்சல் அடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். பிறகு உடல் முழுவதும் கோலிக்குண்டு அளவில் கட்டிகள் கிளம்பும். சிலவற்றுக்குக் கால் வீங்கி நிற்கக்கூட முடியாது. தீவனம் எடுக்காது. பால் வற்றும். சினை மாடாக இருந்தால் கன்று வயிற்றிலேயே கலைந்து போகலாம். பொதுவாக, நோய் வந்த மாடுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இறப்பதில்லை என்றுதான் நிபுணர்கள் கணக்குச் சொல்வார்கள். மற்றவை மெல்ல மெல்லத் தேறிவிடும்.

"அப்படியானால் பெரிய ஆபத்து இல்லையே?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2022-இல் நடந்தது

2022-ஆம் ஆண்டு கோடையில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இந்த நோய் மறுபடி கிளம்பியது. மழைக்காலம் தொடங்கியதும் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா என்று பரவி, கடைசியில் நாட்டின் பல மாநிலங்களை எட்டியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் அந்த ஒரே ஆண்டில் இறந்ததாக அரசின் கணக்கு சொல்கிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதி ராஜஸ்தானில் இறந்தவை. பிகானேர் நகருக்கு வெளியே இறந்த மாடுகள் வரிசையாகக் கிடந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தபோது, பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள். பார்மேர், ஜோத்பூர் போன்ற பாலைவன மாவட்டங்களில் பயிர் பொய்த்தாலும் மாடு கைகொடுக்கும். அந்த மாடே போய்விட்டால்?

ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கான ஒட்டகங்களும் மாடுகளும் குதிரைகளும் கூடும் புகழ்பெற்ற புஷ்கர் சந்தையில், அந்த ஆண்டு கால்நடைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாடு இல்லாமல் ஒரு மாட்டுச் சந்தை!

கூடவே ஒரு வதந்தியும் பரவியது. "நோய் வந்த மாட்டின் பாலைக் குடித்தால் மனிதருக்கும் வந்துவிடும்" என்று. சிலர் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இது உண்மையில்லை. இந்த நோய் மாட்டிலிருந்து மனிதருக்கு வராது. பாலை எப்போதும் போல நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதும். மாடு இறந்து தவித்த ஏழையின் மற்றொரு மாட்டுப் பாலையும் விலைபோகாமல் செய்தது இந்த வதந்தி. தெரியாத செய்தியைப் பரப்புவது எவ்வளவு பெரிய தீங்கு என்று பாருங்கள்.

பறந்து வருவதும், ஏறி வருவதும்

இந்த வைரஸுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. பிறகு எப்படிப் பரவுகிறது?

முதல் வழி, பூச்சிகள். கொசு, மாட்டைக் கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவைதான் இதன் வாகனங்கள். மாட்டைக் கடிக்கும் ஈயைப் பார்த்திருக்கிறீர்களா? அது கடித்தால் சுள்ளென்று வலிக்கும். மாடு வாலால் விளாசும். ஈ பாதிச் சாப்பாட்டில் பறந்துபோய் அடுத்த மாட்டின் மேல் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போடுவது போலத்தான் இது. அதனால்தான் சாணமும் மூத்திரமும் தேங்கிக் கிடக்கும் தொழுவத்தில் ஆபத்து அதிகம். மழைக்காலத்தில் நோய் வேகமெடுப்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது வழிதான் நமக்கு முக்கியம். ஈயும் கொசுவும் பொதுவாகப் பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர் வரைக்கும்தான் போகும். நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் தாண்ட வேண்டுமானால் வைரஸுக்கு லாரி வேண்டும். ஆம், விற்கவும் வாங்கவும் நாம் ஏற்றிச் செல்லும் மாட்டின் உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அது தூரதேசம் போகிறது. வைரஸ் உடலில் நுழைந்து நோய் வெளியே தெரிய நான்கு வாரங்கள் வரைகூட ஆகலாம். அதற்குள் அந்த மாடு சந்தைக்குப் போய், கைமாறி, வேறு மாவட்டத்துத் தொழுவத்தில் கட்டப்பட்டுவிடும்.

ஒரு கணக்குப் போடுவோமா?

நோட்டை எடுங்கள். ஒரு வீட்டில் ஒரு கறவை மாடு. நாளைக்கு 8 லிட்டர் பால். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு 8 x 35 = 280 ரூபாய்.
30 நாளைக்கு 280 x 30 = 8,400 ரூபாய்.

இதில் பாதி, அதாவது 4,200 ரூபாய், புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் என்று தீவனத்துக்கே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 4,200 ரூபாய். அதில்தான் மளிகை, மருந்து, உங்களைப் போன்ற ஒரு பிள்ளையின் பேருந்துக் காசு, நோட்டுப் புத்தகம் எல்லாம்.

இப்போது மாட்டுக்கு அம்மை வந்துவிட்டது. பால் 2 லிட்டராக இறங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 70 ரூபாய். மாதத்துக்கு 2,100 ரூபாய். தீவனச் செலவோ அதே 4,200 ரூபாய். நோயாளி மாட்டைப் பட்டினி போட முடியாதே! மாதம் 4,200 ரூபாய் கையில் நின்ற வீட்டில், இப்போது 2,100 ரூபாய் கடன் வாங்கிப் போட வேண்டும். மருந்துச் செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. மாடு இறந்துவிட்டால் மாட்டின் விலையும் போயிற்று.

ஐம்பது மாடு உள்ள பண்ணைக்கு இரண்டு மாடு போனால் அது நஷ்டம். இரண்டே மாடு உள்ள வீட்டுக்கு இரண்டும் போனால் பிழைப்பே போய்விடும். நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கைப் பார்த்து "பெரிய ஆபத்து இல்லை" என்று சொல்லக்கூடாது என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

ஏன் மறைக்கிறார்கள்?

மாட்டின் உடம்பில் முதல் கட்டியைப் பார்க்கிறார் ஒருவர். அவர் என்ன செய்ய வேண்டும்? உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்காக 2009-ஆம் ஆண்டு வந்த மத்தியச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கிறார். "நம் வீட்டுப் பாலை யாரும் வாங்கமாட்டார்கள். பொது மேய்ச்சலுக்கு நம் மாட்டை ஓட்டி வராதே என்பார்கள். சந்தையை மூடினால் ஊரே என்னைத் திட்டும்." சொல்லாமல் விட்டால்? "இன்னும் நான்கு நாள் பார்க்கலாம். ஒருவேளை உண்ணிக் கடியாக இருக்கும். நல்லா இருக்கிற இன்னொரு மாட்டை இப்போதே விற்றுவிட்டால் அந்தக் காசாவது மிஞ்சும்."

அந்த 'நல்லா இருக்கிற' மாட்டுக்குள் வைரஸ் இருந்தால், அது அடுத்த ஊருக்குப் போய்விட்டது!

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் மனத்தை மாற்றியது ஒரு பையன்.

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டு விழாவில் ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுப்பது வழக்கம். ஒரு பிப்ரவரி மாதம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு பையன் மட்டும் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு மூன்று நாள் வந்தான். நான்காவது நாள் கரும்பலகையில் கணக்குப் போடக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். கை முழுவதும் சின்னம்மைக் கொப்புளங்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் முன்னிலும் திட்டி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த மூன்று வாரங்களுக்குள் என் வகுப்பில் பதினொரு பிள்ளைகளுக்கு அம்மை.

அவன் குணமாகி வந்தபிறகு, "ஏண்டா மறைச்சே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "டம்ளர் போயிடும்னு நெனச்சேன் சார்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காய்ச்சலோடு வருகிறவனுக்குப் பரிசு, உண்மையைச் சொல்லி வீட்டில் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை என்று விதி போட்டது யார்? நான்தானே! மறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறைத்ததற்காக அவனையே திட்டினேன். அடுத்த ஆண்டு விதியை மாற்றினேன். தொற்றுநோய் என்று முன்கூட்டியே சொல்லி வீட்டில் இருப்பவரின் நாட்கள் விடுப்பில் சேராது என்று. அந்த ஆண்டு இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே வந்து, "சார், வீட்டில் தம்பிக்கு அம்மை. எனக்கும் வரலாம்" என்றார்கள்.

மாட்டுக்காரர் விஷயமும் இதுவேதான். முதலில் சொல்பவர் நஷ்டப்படுகிற மாதிரி விதி இருந்தால், யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். வைரஸுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பிரான்ஸ் எடுத்த முடிவு

இதே கேள்வி 2025-இல் பணக்கார நாடான பிரான்சையும் உலுக்கிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியிலும், அடுத்து பிரான்சின் மலைப்பகுதியான சவாயிலும் நோய் தெரிந்தது. அந்த அரசு கடுமையான விதியை வைத்திருந்தது. ஒரு பண்ணையில் ஒரு மாட்டுக்கு நோய் உறுதியானாலும், அந்தப் பண்ணையின் எல்லா மாடுகளையும் கொன்றுவிட வேண்டும். சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மாடுகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. கொல்லப்பட்ட மாடுகளுக்கு அரசு பணம் கொடுக்கும்.

"வெளியில் நன்றாகத் தெரியும் மாட்டுக்குள்ளும் வைரஸ் ஒளிந்திருக்கலாம். விட்டுவைத்தால் நாடு முழுவதும் போய்விடும்" என்றது அரசு. விவசாயிகளில் ஒரு பகுதியினர், "தலைமுறை தலைமுறையாக வளர்த்த மந்தை. பணம் கொடுத்தால் அது திரும்பி வருமா? நோய் வந்ததை மட்டும் பிரித்து வையுங்கள். மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடுங்கள்" என்றார்கள். 2025 டிசம்பரில் தெற்கு பிரான்சில் இருநூறுக்கும் மேற்பட்ட மாடுகள் கொண்ட ஒரு மந்தையைக் கொல்ல வந்தபோது, விவசாயிகள் திரண்டு வழிமறித்தார்கள். டிராக்டர்களால் நெடுஞ்சாலைகளையும் அடைத்தார்கள். பிறகு தடுப்பூசி போடும் பகுதியை அரசு இன்னும் விரிவாக்கியது.

இந்தியா இந்த வழியில் போகவில்லை. இங்கே நோய் வந்த மாட்டைக் கொல்வதில்லை. தனியே கட்டி, வைத்தியம் பார்த்து, மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவதுதான் நம் வழி. மாட்டின் மேல் நமக்குள்ள பாசம் ஒரு காரணம். லட்சக்கணக்கான சின்னத் தொழுவங்களில் நோய் பரவிவிட்ட நாட்டில் கொன்று தீர்ப்பது நடக்காத காரியம் என்பது இன்னொரு காரணம்.

எந்த வழி சரி? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். மந்தையையே கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்தால், முதல் கட்டியைப் பார்த்தவர் வாய் திறப்பாரா? ஒரு பைசாகூடக் கிடைக்காது என்று தெரிந்தால் மட்டும் திறப்பாரா? கொல்வதோ, காப்பதோ, அவருடைய நஷ்டத்தில் ஒரு பங்கை நாடு சுமந்தால்தான் அவர் துணிந்து முன்வருவார்.

நம் நாட்டிலும் அந்த முயற்சி நடந்தது. மகாராஷ்டிர அரசு, இந்த நோயால் இறந்த பசுவுக்கு 30,000 ரூபாய், எருதுக்கு 25,000 ரூபாய், கன்றுக்கு 16,000 ரூபாய் என்று 2022-லேயே அறிவித்தது. ராஜஸ்தான் அரசு, இறந்த கறவைப் பசுவுக்கு 40,000 ரூபாய் என்று 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்து, அந்த ஆண்டு நடுவில் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் மாடுகள் கூட்டமாக இறந்தது 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். உதவி கைக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம். கடன் கொடுத்தவர் ஒரு வருடம் காத்திருப்பாரா? "உதவி கிடைக்கும்" என்பது நோய் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால், மறைக்க நினைத்தவர்களில் சிலராவது சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பசு தந்த ஊசி

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த நோய்க்கு மருந்து இல்லை. மருத்துவர் போடும் ஊசிகள் காய்ச்சலைத் தணிக்கவும், புண்ணில் வேறு கிருமி சேராமல் தடுக்கவும்தான். ஆனால் வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு.

2022-இல் இந்தியாவில் மாடுகளுக்குப் போட்டது எந்தத் தடுப்பூசி தெரியுமா? ஆட்டம்மைத் தடுப்பூசி! இரண்டு வைரஸும் நெருங்கிய சொந்தம் என்றேனே, அதனால் ஆட்டுக்கான ஊசி மாட்டையும் காத்தது. இந்த யுக்தி புதிதல்ல. 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தி, பெரியம்மை அவனைத் தாக்காது என்று காட்டினார். தடுப்பூசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வாக்சின்' என்ற பெயரே, பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அன்று பசு நம்மைக் காத்தது. இன்று நாம் பசுவைக் காக்க வேண்டிய முறை.

ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையமும், உத்தரப்பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, இந்த நோய்க்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கின. 'லம்பி-புரோவாக்இண்ட்' என்ற அந்த ஊசி 2022 ஆகஸ்ட் 10 அன்று அறிமுகப்படுத்தப்பட்டது.

ஊசி ஒன்றிரண்டு மாடுகளுக்குப் போட்டால் போதாது. நூறு மாடுள்ள ஊரில் குறைந்தது எண்பதுக்காவது போட வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். அப்போதுதான் வைரஸ் ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டைத் தேடிப் போகும்போது வழி அடைபடும். அதுவும் நோய் வருவதற்கு முன்னால். போட்ட பிறகு முழுப் பாதுகாப்பு வரச் சுமார் மூன்று வாரம் ஆகும். கட்டி கிளம்பிய பிறகு ஊசிக்கு ஓடுவது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டப் புறப்படுவது மாதிரி.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. கிரீஸ், பல்கேரியா, அல்பேனியா முதலிய தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் 2016-இல் இந்த நோய் 7,483 இடங்களில் வெடித்தது. எல்லா நாடுகளும் கைகோத்து எல்லா மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டன. 2017-இல் அந்த எண்ணிக்கை 385. ஒரே ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது! ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான்.

மண்ணைவிட்டே போன நோய்

உங்கள் தாத்தா பாட்டியிடம் 'வெக்கை நோய்' என்று கேட்டுப் பாருங்கள். தோல் கழலை நோயைவிடப் பல மடங்கு கொடியது அது. தொழுவத்துக்குள் வந்தால் பெரும்பாலான மாடுகளைக் கொண்டுபோய்விடும். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசில் நாட்டுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியம் நாட்டுத் துறைமுகத்தில் இறங்க, அந்த நோய் அங்கே பரவிவிட்டது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-இல் 28 நாடுகள் சேர்ந்து விலங்கு நோய்களுக்கென்று ஓர் உலக அமைப்பைப் பாரிஸ் நகரில் தொடங்கின. அதன் முதல் வேலை என்ன தெரியுமா? எந்த நாட்டில் நோய் வந்தாலும் மற்ற நாடுகளுக்கு உடனே சொல்வது!

வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் கென்யாவில் இருந்து உருவாக்கிய நல்ல தடுப்பூசி கைக்கு வந்தது. நம் நாட்டிலும் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் தெரிந்தது 1995-இல். 2011-ஆம் ஆண்டு, வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு, பூமியிலிருந்து நாம் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். ஒளிக்காமல் சொன்னதும், விடாமல் ஊசி போட்டதும் சேர்ந்து சாதித்த சாதனை அது.

நீங்கள் என்ன செய்யலாம்?

"நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஆயிற்றே" என்று சொல்லாதீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், கன்றைத் தடவிக் கொடுப்பதும் நீங்கள்தானே! முதல் கட்டி உங்கள் கண்ணில்தான் படும்.

* மாடு தீவனம் எடுக்கவில்லை, உடம்பு சுடுகிறது, கட்டி தெரிகிறது என்றால் அன்றைக்கே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

* நோயுற்ற மாட்டைத் தனியே கட்ட வேண்டும். அதன் தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி, கயிறு எல்லாம் தனியாக இருக்க வேண்டும். அதைத் தொட்ட கையோடு மற்ற மாட்டிடம் போகக்கூடாது.

* தொழுவத்தில் சாணமும் தண்ணீரும் தேங்க விடாதீர்கள். மாலையில் வேப்பிலைப் புகை போடும் பழக்கம் வீட்டில் இருந்தால் பெரியவர்களிடம் ஞாபகப்படுத்துங்கள். ஈயும் கொசுவும் குறையும்.

* ஊரில் தடுப்பூசி முகாம் என்றால் அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நம் மாட்டுக்கு மட்டும் போட்டால் போதாது. பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.

* மாடு இறந்துவிட்டால் ஓடையிலோ காட்டிலோ எறியக்கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. உங்கள் நண்பனின் வீட்டு மாட்டுக்கு அம்மை வந்துவிட்டது என்று அவன் வந்து சொன்னால், "ஐயய்யோ, உங்க வீட்டுப் பால் வேண்டாம்" என்று ஒதுங்காதீர்கள். கேலி செய்யாதீர்கள். அவன் வீட்டார் மறைக்காமல் சொன்னதால்தான் உங்கள் வீட்டு மாடு ஊசி போட்டுக்கொண்டு தப்பியது. "சொன்னதுக்கு நன்றிடா" என்று அவனிடம் சொல்லுங்கள். முடிந்தால் அன்றைக்கு அவன் வீட்டில் மற்ற மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் மாடு இருக்கிறது, அவற்றில் எத்தனைக்கு இந்த ஆண்டு தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துக் கணக்கெடுங்கள். நூற்றுக்கு எண்பது வருகிறதா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால், அந்தத் தாளை ஊராட்சித் தலைவரிடமோ, கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டணத்துப் பிள்ளைகள், நாளைக் காலை பால் டம்ளரைக் கையில் எடுக்கும்போது இந்தக் கட்டுரையை வீட்டில் ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு செய்தியோடு சந்திப்போம், செல்வங்களே!